எம்.ஏ. ஆங்கிலம்: நாகர்கோவிலா, திருவனந்தபுரமா, ஹைதராபாத்தா?

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, இப்போது பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். எம்.ஏ.வை இங்கேயே படிக்கலாமா, திருவனந்தபுரமோ ஹைதராபாத்தோ போக வேண்டுமா, சரளமாகப் பேச வராத நான் தாக்குப்பிடிப்பேனா என்று கேட்கிறார். வீட்டில் பேசாமல் பி.எட். சேர் என்கிறார்களாம்.

மக்களே, பேச்சு விஷயத்தை முதலில் எடுக்கிறேன், உன் பயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் திணறுகிறவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேர் மூன்று வருடமும் கைடையும் நோட்ஸையும் படித்துப் பாஸாகி, மூலநூலைத் திறந்தே பார்க்காமல் வந்தவர்கள். பேச்சு நாலு செமினார் எடுத்தால் வந்துவிடும். வாசிப்புக்கு உட்கார வேண்டும், வேறு வழி கிடையாது.

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரை எடுத்துக்கொள். கான்டர்பரி கதைகளின் முன்னுரை எம்.ஏ.வில் எங்கே சேர்ந்தாலும் அநேகமாக வரும், பழைய எழுத்துக்கூட்டலைப் பார்த்ததுமே எல்லோரும் கைடுக்கு ஓடுவார்கள். முதல் 18 வரியும் ஒரே வாக்கியம். மார்ச் மாத வறட்சியை ஏப்ரல் மழை வேர்வரை துளைத்து நனைத்தபோது, மேல்காற்று இளந்தளிர்களில் மூச்சை ஊதியபோது என்று அடுக்கிக்கொண்டே போய், 12-வது வரியில்தான் அப்போது ஜனங்களுக்குப் புனிதப் பயணம் போக ஆசை வருகிறது என்கிறார். வாக்கியம் முடிகிறவரை வினைக்குக் காத்திருப்பது தமிழில் படித்து வளர்ந்த உனக்குப் புதிதா என்ன? மாசிக் கொடைக்கு இருமுடி கட்டி மண்டைக்காட்டு அம்மன் கோவிலுக்குப் போகிற கூட்டத்தை நினைத்துப் பார். பலதரப்பட்ட ஆட்கள், ஒரே வழி, வழிநெடுக பேச்சு. சாசரின் கூட்டமும் அப்படித்தான். இக்கால ஆங்கில உரைநடை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளுக்கு இருபது வரி வாய்விட்டுப் படி. அப்புறம் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியம். ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தைத் தமிழ் வேதாகமத்தில் ஒரு தடவை படித்துவிட்டு உள்ளே போனால் பாதிக் கதை கையில் இருக்கும்.

தியரி என்கிற இலக்கியக் கோட்பாடும் இப்படித்தான். நாம் மரச்சீனி என்கிற கிழங்கைச் சேலத்துக்காரர் மரவள்ளி என்கிறார், கோட்டயம் பக்கம் போனால் கப்பை. கிழங்குக்கும் பெயருக்கும் இயற்கையான பந்தம் எதுவும் இல்லை, ஊர் ஒத்துக்கொண்டதுதான் பெயர். மொழியியல் அறிஞர் சசூர் சொன்னதில் முதல் படி இதுதான். அவர் வகுப்பில் பேசியதை மற்றவர்கள் மாணவர்களின் குறிப்புகளிலிருந்து தொகுத்து, அவர் இறந்த பிறகு 1916-இல் புத்தகமாக்கினார்கள்.

சரி, எங்கே சேர்வது? நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் எம்.ஏ. இருக்கிறது. பெயரைக் கேட்டு முடிவு செய்யாதே. ஒரு வேலை நாளில் நேரே போய், நூலகத்தில் பி.ஜி. மாணவர்கள் அலமாரிக்குள் போய் எடுக்கலாமா, ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் தருவார்கள் என்று கேள். இரண்டாம் வருட மாணவிகள் இருவரைப் பிடித்து, போன செமஸ்டரில் முழுசாக வாசித்த நாவல் எது என்று கேள். பதில் சட்டென்று வந்தால் அது நல்ல துறை.

திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறை பாளையத்தில் இருக்கிறது, 1829-இல் தொடங்கிய மாநில மத்திய நூலகமும் அதே பாளையம்தான். குழித்துறையில் ரயில் ஏறித் தினமும் போய் வரலாம் என்று வீட்டில் சொல்வார்கள். அது மட்டும் வேண்டாம். ஸ்டேஷனுக்கு பஸ், அப்புறம் ரயில், சாயந்திரம் அதே மாதிரி திரும்புவது என்று இரண்டு வருடம் அலைந்தால் வாசிக்கிற நேரம் முழுக்க ரோட்டில் போய்விடும். ஹாஸ்டல் கிடைத்தால் போ, இல்லையென்றால் இங்கேயே நல்ல நூலகமுள்ள கல்லூரி போதும். ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியூஇடி பிஜி என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கடைசி வருடத்தில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், தேர்வு மார்ச் வாக்கில் வரும், அதனால் கிறிஸ்துமஸ் சமயத்திலிருந்தே அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிரு. அங்கே இடம் கிடைத்தால் அப்பாவிடம் எவ்வளவு கெஞ்ச வேண்டியிருந்தாலும் கெஞ்சிப் போய்விடு என்பதுதான் என் கருத்து.

எங்கே படித்தாலும் ப்ராஜெக்டுக்கு ஊரை விட்டுவிடாதே. தேரூர்க்காரர் கவிமணி, புத்தரைப் பற்றி எட்வின் ஆர்னால்ட் 1879-இல் எழுதிய ‘தி லைட் ஆஃப் ஏசியா’ காவியத்தைத் தழுவித்தான் ஆசிய ஜோதி எழுதினார். இரண்டையும் அருகருகே வைத்து, எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று வரிவரியாகப் பார்க்க, தமிழும் ஆங்கிலமும் ஒருசேர வாசிக்கத் தெரிந்த உன்னைப் போன்ற ஒருத்தியால்தான் முடியும்.

பி.எட். பற்றி வீட்டில் சொல்வதும் தப்பில்லை. அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக எம்.ஏ.வும் வேண்டும், பி.எட்.டும் வேண்டும். எம்.ஏ.வை முதலில் முடி. கல்லூரி வேலைக்கான நெட் தேர்வை எம்.ஏ. கடைசி வருடத்திலேயே எழுதலாம்: இரண்டு தாள், 150 கேள்வி, 3 மணி நேரம், தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். ஆனால் எம்.ஏ.வில் பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம் வேண்டும், பிற்பட்டோருக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கும் 50. முதல் செமஸ்டரிலிருந்தே இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள், கடைசியில் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்து உட்கார்ந்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.