ஸீலாந்தில் இரண்டு நாள், கார் இல்லாமல்

கார் கிடையாது, கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி, இரண்டே நாளில் நெதர்லாந்தின் ஸீலாந்து மாகாணத்துப் பழைய கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சீரிக்ஸேயை விட்டுவிடுங்கள். ஊர் அருமையானதுதான், ஆனால் அங்கே ரயில் கிடையாது. பஸ்ஸிலேயே அரை நாள் ஓடிவிடும்.

மிடல்பர்க்கில் தங்குங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, இரண்டரை மணி நேரம் போல ஆகும். ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவுக்கு நடந்தே போகலாம். 1452இல் கட்டத் தொடங்கிய நகர மண்டபத்தை முதலில் பாருங்கள். முகப்பு முழுக்க அந்தக் காலப் பிரபுக்களின் சிலைகள். 1940 மே மாதம் நகரின் நடுப்பகுதியே தீயில் போனபோது இதுவும் எரிந்தது. இன்று நிற்பது பெரும்பாலும் திருப்பிக் கட்டியது. எனக்கென்னவோ அது குறையாகத் தெரியவில்லை.

பக்கத்திலேயே பழைய மடாலயம். அதன் 'லாங்கே யான்' கோபுரத்துக்கு 207 படி, அம்மாவுக்கு வேண்டாம். நீங்கள் ஏறி இறங்கும்வரை அவர் முற்றத்தில் உட்கார்ந்திருக்கலாம். நாகப்பட்டினத்தை 1658இல் பிடித்த டச்சுக் கம்பெனியின் ஸீலாந்துக் கிளை இந்த ஊரில்தான் இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் வேரே என்ற ஊருக்குப் போங்கள். சின்ன ஊர், சமதரை. துறைமுகக் கரையில் ஸ்காட்லாந்து வணிகர்களின் 16ஆம் நூற்றாண்டு வீடுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்துக் கம்பளி இங்கேதான் வந்து இறங்கியது. அப்புறம் அந்தப் பிரம்மாண்டமான தேவாலயம். நெப்போலியன் காலத்தில் ராணுவ மருத்துவமனையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்.