பின்தங்கிய பகுதியில் முதலிடுவோருக்கு வரிச்சலுகை கொடுத்தால் அங்குள்ள ஏழைகளுக்குப் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லையை எங்கே போடுகிறார்கள், சலுகை யார் கைக்குப் போகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். மட்டக்களப்பில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். இங்கே இரண்டுமே சரியாக அமையவில்லை.

இலங்கையில் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உள்நாட்டு இறைவரிச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 இலட்சம் டொலர் வரையான முதலீட்டுக்கு, வட மாகாணமென்றால் தொழிலுக்கு வாங்கிய சொத்தின் பெறுமதியில் 200 வீதத்தை இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ள அது வந்தபோது இடம் கொடுத்தது. மற்ற மாகாணங்களில் 100 வீதம். வடக்கைப் போலவே உள்நாட்டுப் போரில் அடிபட்ட எங்கள் கிழக்கு அந்த 'மற்ற'வுக்குள் போய்விட்டது. கொழும்புக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் ஒரே விகிதமென்றால் முதலாளி எதற்காக வாவியைக் கடந்து வரப்போகிறார்?

சரி, கிழக்குக்கும் 200 கொடுத்திருந்தால்? பணம் பாசிக்குடாக் கடற்கரையில் இறங்கியிருக்கும். வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரை பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

இலாபத்திலிருந்து கழிப்பதென்றால் முதலில் வரி கட்டுமளவுக்கு இலாபம் வேண்டுமே. மருதமுனையில் நான்கு தறி போட்டுச் சாரம் நெய்பவரின் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் அவருக்கு இன்று வருமான வரியே இல்லை. நூல் வாங்கக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தால்தான் அவருக்கு உதவி.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த 'நியூ மார்க்கெட்ஸ்' சலுகை இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. முதலீட்டாளர் சமூக அபிவிருத்தி நிறுவனமொன்றில் பணம் போடுகிறார். அதில் 39 வீதம், 7 ஆண்டுகளில், அவர் கட்டவேண்டிய வரியில் குறைகிறது. அந்த நிறுவனம் வறிய பகுதித் தொழில்களுக்குச் சலுகை நிபந்தனையில் கடன் கொடுக்கிறது. பணத்தை இடையில் உருவினால் சலுகை பறிபோகும். அங்கே எல்லை, சராசரி 4,000 பேர் வாழும் சிறு கணக்கெடுப்புப் பிரிவு.

சிறு பிரிவு மட்டும் போதாது என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. 2017இல் வந்த 'ஒப்பர்ச்சூனிட்டி சோன்' திட்டத்துக்கும் அதே பிரிவுதான் அலகு. ஆனால் போர்ட்லாந்து நகரின் மையப்பகுதிகூடப் பட்டியலில் ஏறியது. உள்ளூராருக்கு வேலை கொடுக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கட்டடங்களில் பணம் குவிந்தது.

இங்கே மிகச் சிறிய நிர்வாகப் பிரிவான கிராம சேவகர் பிரிவை அலகாக வைத்து, அதற்குள் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களில் முதலிடுவோருக்குச் சலுகை கொடுக்கலாம் என்பேன். நுண்கடன் கம்பனிகளை இதற்குள் இழுக்கவேண்டாம். அந்த வட்டியால் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்டது போதும்.