வெளிநாட்டில் வண்டி ஓட்டும்போது விபத்து நடந்தால், வெளிநாட்டுக்காரர் என்பதால் பழி நம் மேல்தான் விழுமா?

கேள்வி கேட்ட தம்பி விவரம் எதுவும் எழுதவில்லை. கேட்ட விதத்தைப் பார்த்தால் விசா கைக்கு வந்துவிட்டது, கிளம்பும் நேரத்தில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நான் துபாய்க்குக் கிளம்பும்போதும் காரிமங்கலத்தில் இதையேதான் சொன்னார்கள். "அங்க வண்டி இடிச்சா தப்பு யார் மேல இருந்தாலும் உன்னைத்தான் உள்ள வைப்பாங்க." சொன்னவர்கள் யாரும் அங்கே வண்டி ஓட்டியவர்கள் கிடையாது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு போனதால் முதல் ஒரு வருடம் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயமாக இருந்தது. அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அமீரகத்தைப் பற்றிக் கேட்டால், சட்டப்படி அப்படி விழாது என்பது என் பதில். ஆனால் நடைமுறையில் விழ வைத்துவிடுவார்கள். விழ வைப்பது பெரும்பாலும் நம் ஆட்களே. அரபு நாட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கீழே சிலர் எழுதுவீர்கள், தெரியும். சம்பளம் வராமல் தொழிலாளர் கேம்பில் கிடந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். விசாவைக் கேன்சல் பண்ணிவிடுவேன் என்ற மிரட்டலுக்கு நடுங்கியிருக்கிறேன். அந்தக் கொடுமைகள் பொய் என்று நான் சொல்லவே இல்லை. கேள்வி விபத்தைப் பற்றியது, விபத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் ஓட்டியது பிக்கப். சார்ஜாவிலிருந்து துபாய்க்கு ஏசி டக்ட் சாமான் ஏற்றிப் போவேன். ஷேக் முகமது பின் சாயித் ரோட்டில் ஒரு நாள் மத்தியானம், வலது ஓரத்து லேனில் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கத்திலிருந்து ஒரு பெரிய கார் முந்திக்கொண்டு வந்து, எக்ஸிட்டைத் தவற விடக்கூடாது என்று கடைசி நொடியில் என் முன்னால் குறுக்கே வெட்டியது. பிரேக் அழுத்தினேன், வண்டி நிற்கவில்லை. என் வண்டியின் இடது முன் மூலை அந்தக் காரின் வலது பின் கதவில் போய் மோதியது.

காரிலிருந்து இறங்கியவர் கந்தூரா, அதாவது உள்ளூர் அரபிகள் உடுத்தும் நீள அங்கி, போட்டவர். பின்சீட்டில் இருந்த பையனுக்கு நெற்றியில் கீறி ரத்தம் வந்தது. தகப்பன் அல்லவா, அவர் கத்திய கத்தலில் எனக்குக் கை கால் ஓடவில்லை. அரபியில் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை, ஆனால் "ஸ்பீடு, ஸ்பீடு" என்பது மட்டும் புரிந்தது. நான் வேகமாக வந்து பின்னால் இடித்தேன் என்கிறார். பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் தெரியும். முன்னால் கார், பின்னால் பிக்கப். பின்னால் இடித்தவன் மேல்தான் தப்பு என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்தது நம் ஆள், தமிழ் பேசுகிறவர். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "உள்ளூர்க்காரனா? வம்பு வேணாம். தப்பு என் மேலன்னு ஒத்துக்கிட்டு வந்துரு, இன்சூரன்ஸ்ல பாத்துக்கலாம்" என்றார். நான் பார்க்காத போலீஸ், இன்னும் வந்து சேராத போலீஸ், என்ன செய்யும் என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். தப்பு என் மேல் என்று காகிதம் வந்தால், இன்சூரன்ஸ் கொடுக்காத முதல் பங்குத் தொகையைக் கம்பெனி டிரைவர் சம்பளத்தில்தான் பிடிக்கும். அது அவருக்கும் தெரியும். என் வீட்டில் அப்போது அம்மாவுக்கு மருந்துச் செலவு ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டு, வண்டி நின்ற நிலையில் லேன் கோடு தெரிகிற மாதிரி, டயர் தடம் தெரிகிற மாதிரி, அந்தக் கதவின் நசுங்கல் தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். பையனை எடுக்கவில்லை. தம்பி, இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்: அங்கே அடிபட்டவர்களைப் படம் எடுப்பது குற்றம். அதற்குத் தனியாகக் கேஸ் வரும்.

போலீஸ் வந்தது. அரபு போலீஸ்காரர், சின்ன வயது. முதலில் பையனைப் பார்த்தார், ஆம்புலன்ஸ்காரரிடம் பேசினார். அப்புறம் கந்தூராக்காரர் சொன்னதை முழுதாகக் கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை, இந்தி ஓரளவு. அடிபட்ட வண்டியை இழுத்துப்போகும் ரெக்கவரி வண்டி கொண்டுவந்த பாகிஸ்தான் பெஷாவர்க்காரர் அங்கே நின்றிருந்தார். நான் இந்தியில் சொல்ல, அவர் அரபியில் சொன்னார். வேறு ஒன்றும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை என்பது போலீஸ்காரரின் முகத்திலேயே தெரிந்தது, ஏனென்றால் அவர் நேரே போய் அந்தக் காரின் பின் பம்பரைப் பார்த்தார். பம்பரில் ஒரு கோடுகூட இல்லை. அடி முழுக்கப் பின் கதவிலும் அதற்குப் பின்னால் சக்கரத்து வளைவிலும். பின்னால் வந்து இடித்தால் கதவில் எப்படி அடி விழும்? அதை அவர் யாரும் சொல்லாமலே பார்த்தார்.

எனக்குப் பச்சைத் தாள் கொடுத்தார். தப்பில்லாதவருக்குப் பச்சை, தப்பு யார் மேலோ அவருக்குச் சிவப்பு. இந்தத் தாள் இல்லாமல் அங்கே எந்தக் கராஜும் அடிபட்ட வண்டியைத் தொடாது. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டோரத்தில் நின்று அழுதேன். அந்த வெயிலில், அந்த நாட்டில், என் சொல்லையும் ஒருவர் சமமாக வைத்துக் கேட்டார்.

கம்பெனியில் ஒரு வார்த்தை பாராட்டு இல்லை. வண்டி கராஜில் நின்ற நாட்களுக்கு என் ஓவர்டைம் போனதுதான் மிச்சம். அதைவிட வலித்தது ஊரில் நடந்தது. விஷயத்தை போனில் சொன்னபோது என் சொந்த மாமாவே, "அவன் நாட்டுல அவன் மேல எப்படிப்பா தப்பு வரும்? ஏதாவது குடுத்திருப்ப, மறைக்கிற" என்றார். இன்றைக்கும் நம்பவில்லை.

ஒரே ஒரு சம்பவத்தை வைத்து நாட்டையே நல்லவனாக்குகிறாயா என்று கேட்பவர்களுக்காக, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 2019 ஜூனில், பெருநாள் விடுமுறை முடியும் நேரம், மஸ்கட்டிலிருந்து வந்த பஸ் துபாய் ராஷிதியா மெட்ரோ நிலையத்துக்குப் போகும் பாதையில் உயரமான வண்டிகளைத் தடுக்க வைத்த கம்பத்தில் மோதியது. 17 பேர் செத்தார்கள், அதில் 12 பேர் இந்தியர்கள். ஓட்டியவர் ஓமான்காரர். அரபி பேசுகிறவர், பக்கத்து நாட்டுக்காரர். அதனால் அவரை யாரும் விட்டுவிடவில்லை. கீழ்க்கோர்ட்டில் ஏழு வருடச் சிறை, செத்தவர்கள் குடும்பங்களுக்கு 34 லட்சம் திர்ஹாம் இரத்தப் பணம், அதாவது ஓர் உயிருக்கு 2 லட்சம் வீதம். மேல்முறையீட்டில் சிறை ஒரு வருடமாகக் குறைந்தது. அவருடைய வக்கீல் வைத்த வாதம் எனக்கு முக்கியமாகப் பட்டது: எச்சரிக்கைப் பலகைக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஓட்டுநர் நிறுத்தப் போதுமான தூரமே விடவில்லை, சாலை அமைத்ததிலும் தப்பு இருக்கிறது என்பது. ஓட்டியவர் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பஸ் அந்த வழியில் போயிருக்கவே கூடாது. ஆனால் சாலையைப் பற்றியும் கோர்ட்டில் பேச முடிந்தது.

நம் ஊரில் அதைப் பேச விடுகிறோமா? தொப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது பாளையம்புதூர் டோல்கேட் தாண்டினால் இறக்கம். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்றாலே நம் பக்கத்து டிரைவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2020 டிசம்பரில் நெரிசலில் நின்ற வண்டிகள் மேல் சிமெண்ட் லாரி வந்து ஏறியதில் நான்கு பேர் செத்தார்கள். 2024 ஜனவரியில் பாலத்தில் மறுபடி நான்கு பேர். ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் முதலில் வருவது, "வடநாட்டு டிரைவர், குடிபோதை" என்பதுதான். இந்த ரோடு காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை. வெளிமாநில லாரி வராமல் எப்படி இருக்கும்?

நான் ஊர் திரும்பிய பிறகு ஈச்சர் லாரி ஒன்று வாங்கி, காவேரிப்பட்டணத்திலிருந்து மாங்காய் லோடு ஓட்டுகிறேன். ஒரு சீசனில் தொப்பூர் இறக்கத்தில் ராஜஸ்தான் நம்பர் லாரி ஒன்று முன்னால் போன இரண்டு கார்களைத் தட்டிவிட்டுத் தடுப்பில் சாய்ந்திருந்தது. டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் இந்தியில் "ஏர் போச்சு, பிரேக் பிடிக்கவில்லை" என்று கதறுகிறான் (ஏர் என்றால் லாரி பிரேக்கை இயக்கும் காற்றழுத்தம்), ஒருவருக்கும் புரியவில்லை. நான் உள்ளே புகுந்து தமிழில் சொன்னேன். "நீ என்ன அவனுக்கு வக்கீலா?" என்று எனக்கும் ஒரு தள்ளு விழுந்தது.

அவன் மேல் தப்பு இருந்திருக்கலாம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறார்கள். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பாதி பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக் மேல், டிரம் சூடேறி, அடிக்கடி மிதித்து ஏரும் இறங்கி, பாதி வழியில் பெடல் வெறுமனே போகும். அப்படி இறக்கியிருந்தால் அது குற்றம்தான். ஆனால் பராமரிப்பில்லாத வண்டியை, அளவுக்கு மேல் லோடு ஏற்றி அனுப்பிய முதலாளியும் ஒரு ஆள். எது உண்மை என்று பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ரோட்டில் நின்ற நாற்பது ஐம்பது பேரால் சொல்ல முடியாது. துபாயில் அந்தச் சின்ன வயது போலீஸ்காரர் பம்பரைப் பார்த்தாரே, அந்த ஒரு பார்வை அன்றைக்கு அவனுக்குக் கிடைக்கவில்லை.

டிரைவர் ஏன் ஓடுகிறான் என்று பத்திரிகையில் கேட்கிறார்கள். அடிக்குப் பயந்துதான் ஓடுகிறான். 2024 ஜூலையில் நம் நாட்டில் வந்த புதிய சட்டத்தில் அலட்சியமாக ஓட்டி உயிர் போனால் ஐந்து வருடம் வரை சிறை, பழைய சட்டத்தில் இரண்டு வருடம்தான். சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் என்ற பிரிவும் எழுதினார்கள், லாரி டிரைவர்கள் போராட்டத்துக்குப் பிறகு அதை அமலுக்குக் கொண்டுவரவில்லை. பத்து வருடம் என்று எழுதும்போது, நிற்கிறவனை யார் காப்பாற்றுவது என்றும் எழுதியிருக்க வேண்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். என் தம்பி பதினெட்டு வயதில் ஸ்டியரிங் பிடித்தவன், இதுவரை ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை, பீடிகூடக் கிடையாது. நாற்பதை நெருங்குகிறான், பெண் கிடைக்கவில்லை. பாலக்கோடு, ஊத்தங்கரை, பர்கூர், எங்கே ஜாதகம் கொடுத்தாலும், "டிரைவரா? வேற எதாச்சும் பண்றாரா?" என்கிறார்கள். ஓசூரில் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றால்கூடக் கொடுப்பார்களாம். அவர்கள் வீட்டு அரிசியும் சிலிண்டரும் டிரைவர் ஓட்டி வந்ததுதான். எங்கள் அம்மா இந்தக் கவலையிலேயே போய்விட்டார்.

சரி, கேள்வி கேட்ட தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே விபத்து நடந்தால் அந்த இடத்தை விட்டு நகராதே. அடிபட்டவர் இருந்தால் வண்டியையும் நகர்த்தாதே, போலீஸுக்கு 999-க்குப் போடு. காயம் இல்லாத சின்ன இடி என்றால் படம் எடுத்துக்கொண்டு ஓரம் கட்டிவிடு, நடு ரோட்டில் நிறுத்தினால் அபராதம். முல்கியா (வண்டிப் பதிவு அட்டை), லைசென்ஸ், பத்தாக்கா (அடையாள அட்டை) மூன்றும் எப்போதும் உன்னிடம் இருக்கட்டும். தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்துப் போடாதே, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேள், கேட்டால் கோபிக்க மாட்டார்கள். கம்பெனி போனில் என்ன சொன்னாலும், நடந்ததை நடந்தபடி சொல். தப்பு உன் மேல் இருந்தாலும் அப்படியே சொல், அதற்குத்தான் இன்சூரன்ஸ். ஆனால் உயிர் போனால் இன்சூரன்ஸ் மட்டும் போதாது. 2025 மார்ச்சில் வந்த புதிய போக்குவரத்துச் சட்டத்தில் அலட்சியத்தால் ஓர் உயிர் போனால் சிறை, 50,000 திர்ஹாமுக்குக் குறையாத அபராதம், இரண்டும் அல்லது இரண்டில் ஒன்று என்று இருக்கிறது. அது உள்ளூர்க்காரருக்கும் அதேதான்.

இன்னொன்று, இதை ஏஜெண்ட் சொல்ல மாட்டார். நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே வேலைக்கு ஓட்ட முடியாது. அங்கே டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டும். கிளாஸுக்கும் டெஸ்டுக்கும் ஆகும் செலவு நம் ஊர் மாதிரி இருக்காது, ஒவ்வொரு முறை பெயிலானாலும் மறுபடி பணம். அந்தச் செலவு கம்பெனியுடையதா உன்னுடையதா, பெயிலானால் சம்பளம் உண்டா என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்.