பிறேக் பிடிச்சால் நடுங்குற கப் வாகனம்: 175,000 ரூபாவுக்கு லோன் எடுக்கலாமா?

கேள்வி: சுன்னாகத்திலிருந்து தம்புள்ளைக்குக் கிழமைக்கு இரண்டு நடை வெங்காயமும் மரக்கறியும் ஏற்றும் சிங்கிள் கப் என்னுடையது. 80 இல் வரும்போது பிறேக் பிடித்தால் ஸ்ரேறிங் கையில் நடுங்குகிறது. சும்மா ஓடும்போது ஒன்றுமில்லை. கராஜ்காரர் எழுதித் தந்த கணக்கு: முன் டிஸ்க் (சில்லோடு சுற்றும் பிறேக் தட்டு) இரண்டு 68,000, பாட் (அந்தத் தட்டை நெரிக்கும் கட்டை) 19,000, றீகண்டிஷன் கலிப்பர் (பாட்டை அமத்தும் பகுதி) இரண்டு 52,000, பின் பிறேக் சூ (பின் ட்ரம்முக்குள் உரசும் பகுதி) 16,000, வீல் அலைன்மென்ற், பலன்ஸ் 6,000, கூலி 14,000. மொத்தம் 175,000 ரூபா. லீசிங் கொம்பனி ஒன்று மாதம் 10,100 படி 24 மாதத்துக்குத் தரச் சம்மதம். கையில் 45,000 இருக்கிறது. 80,000 ரூபாச் சீட்டு இரண்டு மாதத்தில் என் முறைக்கு வரும். லோனா, சீட்டைக் கழிவு போய் (ஒரு தொகையை விட்டுக்கொடுத்து) முந்தி எடுப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். 10,100 ஐ 24 மாதம் கட்டினால் 242,400. வட்டி மட்டும் 67,400, ஏறக்குறைய உங்கள் இரண்டு டிஸ்க்கின் விலை. அதைவிடப் பெரிய பிழை அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒன்றையும் அளந்து பார்க்காமல், நடுக்கத்தோடு தொடர்புள்ளது இல்லாதது எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள்.

பிறேக் பிடிக்கும்போது மட்டும், அதுவும் ஸ்ரேறிங்கில் நடுக்கம் என்றால் முதல் சந்தேகம் முன் டிஸ்க்தான். அலைன்மென்ற், பலன்ஸ் பிழை என்றால் பிறேக் தொடாமலும் தெரியும். அந்த 6,000 இப்போதைக்குத் தேவையில்லை. பின் ட்ரம் பிழைத்தால் நடுக்கம் சீற்றிலும் பெடலிலும் வரும். சோதிக்க விரும்பினால் ஆளில்லாத நேரான காய்ந்த வீதியில், வெறும் வண்டியில், 40 இல் ஓடும்போது ஹாண்ட் பிறேக் பட்டனை அமத்திப் பிடித்தபடி மெதுவாக இழுத்துப் பாருங்கள். நடுங்கவில்லையா, பின் சூவுக்கான 16,000 ஐயும் வெட்டிவிடுங்கள். சூவின் லைனிங் தேய்ந்து முடிந்திருந்தால் மட்டும் அது வேறு கதை.

இனி முன்பக்கம். டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, தடிப்பு ஒரே சீராக இல்லாமல் போகிறது. பாரத்தோடு கடுமையாகப் பிறேக் பிடித்துவிட்டு, டிஸ்க் சூடாக இருக்கும்போது பிறேக்கிலிருந்து காலை எடுக்காமல் நின்றால் பாட் சரக்கு ஓரிடத்தில் ஒட்டிப் படியும். வந்து இறங்கிய கையோடு சூட்டில் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் கூடாது. இன்னொரு காரணம், டிஸ்க் பொருந்தி இருக்கும் ஹப் (சில்லைப் பூட்டும் நடுப்பகுதி) முகத்துக் கறள். நம்முடைய கடற்காற்றுக்கும், மீன் பெட்டி ஏற்றிய வண்டிகளில் வடியும் உப்புத் தண்ணீருக்கும் அது விரைவாகவே பிடிக்கும். அந்தக் கறளுக்கு மேல் புது டிஸ்க்கைப் போட்டால் முதலில் நன்றாக ஓடும். சில ஆயிரம் கிலோமீற்றரில் டிஸ்க் ஒரு பக்கம் தேய்ந்து, அதே நடுக்கம் திரும்ப வரும். பலர் ஒரே வேலைக்கு இரண்டு தரம் காசு கட்டுவது இதனால்தான்.

ஆகவே முதலில் அளவுக்குக் காசு கொடுங்கள். சில்லைக் கழற்றி, நட்டுகளைத் திரும்பப் பூட்டி டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிவிட்டு, ஓரத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆட்டம் 0.05 மில்லிமீற்றர் அளவுக்குள் நிற்பது நல்லது. பிறகு மைக்றோமீற்றரால் சுற்றிவர எட்டு இடத்தில் தடிப்பு. இடத்துக்கிடம் 0.02 க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுக்கத்துக்கான காரணம் அகப்பட்டுவிட்டது. குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதைவிட நன்றாகத் தடிப்பு மிச்சமிருந்தால் லேத்தில் கடையலாம். எல்லைக்குக் கிட்ட வந்ததைக் கடைவது வீண் செலவு: மெல்லிய டிஸ்க் சீக்கிரம் சூடாகும், வெங்காய மூட்டையோடு தம்புள்ளைக்குப் போகும் வண்டிக்கு அது தாங்காது. பாவித்த டிஸ்க்கும் வாங்காதீர்கள்.

கலிப்பருக்கு 52,000 கொடுக்க முன் கலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைட் பின் (கம்பி) இரண்டையும் கையால் தள்ளிப் பாருங்கள். இறுகியிருந்தால் துப்புரவாக்கி, பிறேக்குக்கான சிலிக்கன் கிறீஸ் பூசி, கிழிந்த றப்பரை மாற்றினால் போதும். சாதாரணக் கிறீஸ் றப்பரை ஊதவைக்கும். பிஸ்ரன் மெதுவாக உள்ளே போகிறது, எண்ணெய் கசியவில்லை, கறள் இல்லை என்றால் கலிப்பர் மாற்றக் காரணமே இல்லை.

இப்போது காசு. டிஸ்க் கடையக்கூடியதென்றால் பாட் 19,000, லேத் கூலி, றப்பர், கிறீஸ் எல்லாவற்றுக்கும் 10,000 ஒதுக்குங்கள், வேலை குறைந்ததால் கூலியை 9,000 க்குப் பேசுங்கள். 38,000. கைக்காசோடு முடிந்தது. புது டிஸ்க் வேண்டுமென்றால் 68,000, பாட் 19,000, சில்லறைச் சாமான் 5,000, கூலி 9,000, மொத்தம் 101,000. டீசலுக்கு 10,000 வைத்துக்கொண்டு 35,000 போட்டால் குறை 66,000. இதற்கு வங்கியில் நகை அடகு. மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்துப் பார்த்தாலும் இரண்டு மாத வட்டி 1,980. சீட்டைக் கழிவு போகாமல் உங்கள் முறைக்கே விடுங்கள், விழுந்த அன்றே நகையை மீட்டுவிடலாம். தனியார் அடகுக் கடைக்குப் போகும் முன் வங்கியின் வீதத்தைக் கேளுங்கள். இன்சூரன்சை நம்பவேண்டாம், தேய்மானத்துக்கு அது தராது.

ஒரு விதிவிலக்கு: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, பெடல் கீழே இறங்குகிறது, ஒரு சில்லு மட்டும் கொதிக்கிறது என்றால் கணக்குப் பார்த்துக்கொண்டு ஓடாதீர்கள். அன்றே நிறுத்துங்கள்.

பூட்டும்போது நிற்க நேரமிருந்தால் நில்லுங்கள். ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகத் தேய்க்கச் சொல்லுங்கள். புது டிஸ்க்கின் கறள் தடுப்பு எண்ணெயைக் கழுவ வேண்டும். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடவேண்டாம். ரோக் ஸ்பானரால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்), குறுக்குமறுக்காக, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு. பிறகு 60 இலிருந்து 15 வரை பத்துத் தரம் அளவாகப் பிறேக் பிடித்து, இடையில் ஆறவிட்டு ஓடுங்கள். அந்த நேரம் முழுதாக நிற்பாட்டக் கூடாது. நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். பழைய சாமானையும், சாமான் வேறு கூலி வேறாக எழுதிய பில்லையும் வாங்கி வையுங்கள். ஒரு நடைக்கு 1,000 ரூபா வேறாகப் போட்டு வந்தால் வருடத்தில் ஏறக்குறைய 100,000 சேரும், அடுத்த டிஸ்க்குக்கும் ரயருக்கும் நகை அசையாது.