செல்லப்பெயரை விட்டு முழுப்பெயரால் அழைப்பது ஏன்?

அன்றாடம் செல்லப்பெயரால் அழைப்பவர்கள், விஷயம் தீவிரமானதும் முழுப்பெயருக்கு மாறுவது ஏன் என்பது கேள்வி. செல்லப்பெயர் உறவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பள்ளிப் பதிவேடும் அரசும் அறிந்த முழுப்பெயரைச் சொன்னதுமே, கேட்பவர் சலுகை இழந்து பதில் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார்.

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் விளவங்கோடு பக்கம், நாள் முழுதும் 'மக்ளே', 'அப்பு' என்று கொஞ்சுகிற அம்மா, குரலை உயர்த்தாமலேயே 'கிருஷ்ணகுமாரே, இஞ்ச வா' என்றால், பையன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுத்தான் எழுவான். (திட்டு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.)

ஆனால் எல்லாத் தீவிரமும் செல்லப்பெயரை விலக்குவதில்லை. நிலப்பத்திரத்தில் 'அப்பு என்கிற கிருஷ்ணன்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது, ஆள் மாறாட்டத் தகராறு வராமல் இருக்கத்தான். இரங்கல் சுவரொட்டியிலும் முழுப்பெயருக்குக் கீழே 'அப்பு' இருக்கும். இல்லாவிட்டால் இறந்தது யாரென்று ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது.