.22 ரைஃபிளில் ட்ரிக்கர் இழுத்தும் சில தோட்டா வெடிப்பதில்லை, ஏன்?

வேலூரில் .22 போல்ட் ரைஃபிளில் பயிற்சி எடுப்பதாகவும், 'டிக்' சத்தம் மட்டும் வந்து தோட்டா வெடிக்காமல் போவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலை, உடனே போல்ட்டை (தோட்டாவைப் போடவும் எடுக்கவும் இழுக்கும் பூட்டுப் பகுதி) திறக்காமல் இருப்பது. குழல் இலக்கையே பார்க்கட்டும், 30 வினாடியாவது பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

பிறகு தோட்டாவை வெளியே எடுத்து விளிம்பைப் பாருங்கள். .22-ல் பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) பதித்த தழும்பு ஆழமாக, தெளிவாக இருந்தால் பெரும்பாலும் தோட்டாவின் குறை: அது அடித்த இடத்தில் மருந்து இல்லை. சற்றுத் திருப்பி மறுபடி போட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். ஒரே பெட்டியில் இது அடிக்கடி நடந்தால் வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) தோட்டாவைப் போட்டு ஒப்பிடுங்கள்.

தழும்பு லேசாக இருந்தால் சந்தேகம் ரைஃபிள் மேல். நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் போல்ட்டுக்குள் இருக்கும் பழைய எண்ணெய் பிசினாகி ஃபயரிங் பின்னின் வேகத்தைக் குறைத்துவிடும்; நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சுத்தமாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி மட்டும் விடுங்கள். அடுத்து சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை): அதன் வாயில் ஈயமும் மெழுகும் வளையம் கட்டியிருந்தால் தோட்டா முழுதாக உட்காராது. அடியின் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும். இரண்டாவது அடியில் வெடிக்கிறதென்றால் இதுவாக இருக்கலாம். ஃபயரிங் பின்னின் முனை தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள்.

சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக, 'புஸ்' என்று வந்தால் அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. ஈயக் குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். ரைஃபிளைக் காலி செய்து, ரேஞ்ச் ஆபீசர் முன்னிலையில் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.