அம்மாவுக்கு 38 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது, எனக்கும் அப்படித்தானா?

கேள்வி: மஸ்கெலியா பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். வயது 29, கல்யாணமாகி எட்டு மாதம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையில் 1.2 என்று ரிப்போர்ட். அம்மாவுக்கு 38 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. முன்பு கொழுந்துக்கூடை சுமந்திருக்கிறேன், மூன்று மாதக் கருத்தடை ஊசியும் போட்டேன். யூடியூபில் பார்த்து டி.எச்.இ.ஏ. என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். அக்கா மகனுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வராத கவலை வேறு. எனக்குக் குழந்தையே பிறக்காதா?

பதில்: அப்படி நினைக்க இப்போது எந்தக் காரணமும் இல்லை. 1.2 உங்கள் வயதுக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் ஏ.எம்.எச். முட்டைகளின் இருப்பைத்தான் காட்டும். இந்த மாதம் கரு தங்குமா என்பதை அது சொல்லாது. கூடை சுமந்ததால் முட்டை குறையாது. ஊசியும் முட்டையைத் தின்னாது. நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் தாமதமாகலாம், அவ்வளவுதான். அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். முகப்பருவும் தேவையில்லாத முடியும் வரலாம். யூடியூபில் பேசுகிறவர் உங்களைப் பரிசோதிக்கவில்லை.

என்னை நிறுத்தி வைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அக்கா மகன் விஷயம். அம்மாவுக்குச் சீக்கிரமே மாதவிடாய் நின்றதும், பேரனுக்குப் பேச்சு வராததும் ஒரே மரபணுவால் வந்திருக்கலாம். எஃப்.எம்.ஆர்.1 என்ற அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். அது 55 முதல் 200 தடவை வரை நீண்டிருக்கும் பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. அடுத்த தலைமுறையில் 200ஐத் தாண்டினால் ஃப்ராஜைல் எக்ஸ் என்ற குறைபாடு வரும். பையன்களிடம் பேச்சும் அறிவு வளர்ச்சியும் பின்தங்கும். அம்மாவிடம் இது இருந்தால் உங்களுக்கு வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. பேச்சுத் தாமதத்துக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு, அதனால் இதுதான் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள்.

முதலில் பையனைச் சிறுபிள்ளை நிபுணரிடம் காட்டி, அம்மாவின் கதையையும் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவின் அண்ணன் தம்பிகள், தாத்தா யாருக்காவது வயதான பிறகு கை நடுக்கமோ நடைத் தள்ளாட்டமோ வந்ததா என்றும் கேட்டுவையுங்கள், அதுவும் இதே மரபணுவால் வரலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்துவிடும். பையனிடம் இருந்தால் நீங்களும் செய்துகொள்ள வேண்டும். மரபியல் ஆலோசனைக்குக் கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபணுப் பிரிவு இருக்கிறது. அக்காவிடம் பக்குவமாகப் பேசுங்கள், அவர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

உங்கள் வயதில் பொதுவாக ஒரு வருடம் முயன்று பார்க்கச் சொல்வோம். அம்மாவின் கதை இருப்பதால் நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம், இப்போதே மகப்பேற்று நிபுணரைப் பாருங்கள். மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனாலோ, மலைக்குளிரிலும் இரவில் உடம்பு கொதித்து வியர்த்தாலோ, முதலில் கர்ப்பமா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வாரமே போய் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.